மரியா கிதேரியாவின் உருவ ஓவியம்: வீரமும் முதுமையும்

முன்னுரை

போர்க்களம் கண்ட பெண்ணைப் பிற்காலச் சமுதாயம் எவ்வாறு நினைவில் நிறுத்துகிறது என்பதற்கு உருவ ஓவியமும் ஒரு சான்றாகும். பிரேசில் விடுதலைப் போரில் படைவீரராகப் பணியாற்றிய மரியா கிதேரியாவின் (1792–1853) ஓவியம் அவர்தம் வாழ்வில் எதைக் காட்டுகிறது, எதை விடுத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

போர்ப்பணி

மரியா, பாஹியாப் பகுதியின் பண்ணைக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1822-இல் போர்த்துகீசியரை எதிர்க்க ஆள் திரட்டப்பட்டபோது தந்தை இசையவில்லை. உடன்பிறந்தாளின் கணவருடைய உடையையும் பெயரையும் பூண்டு மரியா படையில் சேர்ந்தார். தந்தை தேடிவர, உண்மை வெளிப்பட்டது; எனினும் படைத்தலைவர் அவரை அனுப்ப மறுத்தார். அதன்பின் பெண்ணாகவே போரிட்டார். சீருடையோடு குட்டைப் பாவாடை ஒன்று மட்டும் சேர்ந்தது. 1823 ஜூலை 2-இல் பாஹியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 20-இல் பேரரசர் முதலாம் பெட்ரோ அவருக்குச் சிலுவை விருது அளித்து, வாழ்நாள் ஊதியமும் வழங்கினார். தம்மை மன்னிக்குமாறு தந்தைக்கு ஒரு மடல் எழுதித்தர வேண்டும் என்பதே பேரரசரிடம் மரியா விடுத்த வேண்டுகோள்.

ஓவியத்தின் மூலம்

அந்நாளில் ரியோ டி ஜெனிரோவில் மரியாவைச் சந்தித்தவர் மரியா கிரஹாம் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1812-இல் வெளியான தம் இந்தியப் பயணநூலில் மாமல்லபுரத்தை விவரித்தவரும் இவரே. 1824-இல் வெளிவந்த இவரது பிரேசில் பயணநூலில், அகஸ்டஸ் ஏர்ல் வரைந்த மரியாவின் உருவம் செதுக்குப்படமாக இடம்பெற்றது. விடுதலை நூற்றாண்டை (1922) முன்னிட்டு, சாவ் பாவுலோவின் பாவுலிஸ்டா அருங்காட்சியகத்திற்காக டொமெனிக்கோ ஃபைலுட்டி 1920-இல் தீட்டிய முழுவுருவ ஓவியம் இப்படத்தை அடியொற்றியதே. ஆகவே, இரண்டிலும் நாம் காண்பது துப்பாக்கி ஏந்திய 31 வயதுப் பெண்ணையே.

ஓவியம் விடுத்தவை

போருக்குப்பின் மரியா மணந்து, ஒரு மகளைப் பெற்றார். பின்னர்க் கைம்பெண்ணாகிப் பார்வை மங்கி, பெரிதும் மறக்கப்பட்டவராய் 1853-இல் சால்வடோர் நகரில் மறைந்தார். அவர் மறைந்து 100 ஆண்டுகள் நிறைந்த 1953-இல்தான், படைப்பிரிவுகள் அனைத்திலும் அவரது படத்தை வைக்கப் பிரேசில் போர் அமைச்சகம் ஆணையிட்டது.

முடிவுரை

அரசு போற்றியது இளம் வீராங்கனையை. அதே வீராங்கனையின் முதுமையை அன்று எவரும் போற்றவில்லை. நினைவு ஓவியத்தைச் சான்றாகக் கொள்வோர், அதில் உள்ள உருவத்தோடு, அது தீட்டப்பட்ட காலத்தையும் தீட்டுவித்தோர் நோக்கத்தையும் ஒருசேர ஆராய்தல் வேண்டும். அவ்வாறு நோக்குகையில், மரியாவின் ஓவியம் அவரது வீரத்திற்குச் சான்றாவதோடு, காலந்தாழ்ந்து செலுத்தப்பட்ட கடனுக்கும் சான்றாகிறது எனலாம்.