கணேஷ் (திரையில்)

எழுத்தாளர் சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008) படைத்த வழக்கறிஞர் பாத்திரம். முதலில் தோன்றிய தொடர் ‘நைலான் கயிறு’ (1968). ‘காயத்ரி’ (1977) படத்தில் ஜெய்சங்கர் கணேஷாக வந்தார், வில்லன் ரஜினிகாந்த். மறு ஆண்டே, எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘ப்ரியா’வில் ரஜினியே கணேஷ். சிவந்த மேனிதான் நாயகனுக்கு அழகு என்றிருந்த காலம் அது. கறுத்த, மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட நடிகர் இந்த வேடம் ஏற்றது சிறிய விஷயமல்ல. கதைக்களமும் சுஜாதாவின் நாவலில் இருந்த லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போனது. ஆனால் நிறத்தைவிடப் பெரிய மாற்றம் வேறு: குறுக்கு விசாரணையில் வெல்ல வேண்டிய வக்கீல், இளையராஜா இசையில், யேசுதாஸ் குரலில் ‘அக்கரைச் சீமை’யைப் பாடிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்; சண்டையும் போடுகிறார். நாவலின் கணேஷ் இதற்கெல்லாம் ஃபீஸ் கேட்டிருப்பார்.