மஹாளய அதிகாலையில் நேர்ந்த ஒரு தவறு

மஹாளய அமாவாசை என்றால் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பித்ரு தர்ப்பணம். காளிகாட்டிலும் லேக் மார்க்கெட் பகுதியிலும் தலைமுறைகளாக வசிக்கும் நம்மவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். விடியற்காலை நான்கு மணிக்குத் தெருவெங்கும் வீட்டுக்கு வீடு வானொலியில் ஒலிக்கும் ‘மஹிஷாஸுரமர்தினி’. பாஷை புரியாதவர்களும் அந்தக் கம்பீரமான குரலைக் கேட்டுப் பழகிவிட்டார்கள். அந்தக் குரலோடு வாத்யங்கள் சேர்ந்து வரும் அழகுக்குப் பின்னால், வாசித்தவர்கள் செய்த ஒரு தவறு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இந்தியாவில் ஸங்கீதத்தை இயந்திரத்தில் பிடித்து வைக்கும் வேலை ஆரம்பமானது கல்கத்தாவில்தான். 1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் அங்கே வந்து கௌஹர் ஜான் முதலானோரின் பாட்டுகளை மெழுகுத் தட்டில் பதிவு செய்தார். ஒரு தட்டுக்குச் சுமார் மூன்று நிமிஷம். நடுவில் பிசகினால் அந்தத் தட்டை ஒதுக்கிவிட்டு வேறொன்றில் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். 1927 ஆகஸ்ட் 26-ம் தேதி கல்கத்தா வானொலி நிலையம் துவங்கியபோது நிலைமை மாறியது. நேரடி ஒலிபரப்பில் வாசித்தது வாசித்ததுதான்; ஊரே கேட்டுவிடும். கச்சேரி மேடையிலாவது ரஸிகரின் முகத்தைப் பார்த்துச் சற்று சமாளிக்கலாம். ஸ்டூடியோவில் எதிரே இருப்பது மைக் மட்டுமே.

அந்த நிலையத்தில் 1930-களின் தொடக்கத்தில் உருவானதுதான் இந்த நிகழ்ச்சி. எழுதியவர் பாணி குமார். இசை அமைத்தவர் பங்கஜ் குமார் மல்லிக். ஸ்லோகங்களையும் வங்காள வசனத்தையும் சொன்னவர் பீரேந்திர கிருஷ்ண பத்ரா. அவர் காயஸ்தர். பிராம்மணரல்லாதவர் சண்டீ பாராயணம் செய்யலாமா என்று அப்போது சிலர் ஆட்சேபித்ததும் உண்டு. நிலையத்தார் அதற்கு இணங்கவில்லை. வாத்யக்காரர்களிலும் பலர் முஸ்லிம்கள். ஸாரங்கியில் முன்ஷி, செல்லோவில் அலி, ஹார்மோனியத்தில் குஷி முஹம்மத் என்று பெயர்கள் சொல்லப்படுகின்றன.

ஒத்திகையில் இவர்களுக்குச் சொல்லப்பட்டது எளிமையான விஷயம். ஸம்ஸ்கிருத ஸ்லோகம் வரும்போது கூடவே வாசிக்க வேண்டும். வங்காள வசனம் வரும்போது நிறுத்திவிட வேண்டும். உருது பேசும் அந்தக் கலைஞர்களுக்கு இரண்டு பாஷைகளுக்கும் உள்ள வித்யாசம் காதில் பிடிபடவில்லை. ஒலிபரப்பின்போது பத்ரா ஸ்லோகத்தை முடித்து, அதே லயத்தில் வசனத்துக்குப் போனார். இவர்களோ ஸ்லோகம்தான் தொடர்கிறது என்று எண்ணி வாசித்துக்கொண்டே போனார்கள். பாஷை தெரிந்த மற்ற வாத்யக்காரர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். ஆனால் வாசிப்பவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. தாங்களும் வாத்யத்தை எடுத்து அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். பத்ராவும் அந்த ஸ்ருதியைப் பிடித்துக்கொண்டு வசனத்தையே ராகமாகச் சொல்லிக்கொண்டு போனார். கேட்டுக்கொண்டிருந்த நிலையத்தாருக்கு அது பிடித்துப் போயிற்று. பிறகு அதுவே நிகழ்ச்சியின் முறையாக நிலைத்தது. வங்காளத்தில் பல காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி இது.

இதில் கவனிக்க வேண்டியது, தவறு செய்தவர்கள் ஏதும் சமாளிக்கவில்லை என்பது. தவறு என்றே அவர்களுக்குத் தெரியாது. அதைச் சரியாக்கியவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு முறைத்திருந்தால், கல்கத்தா முழுவதும் ஒரு குளறுபடியைத்தான் கேட்டிருக்கும்.

நம் தமிழ்நாட்டில் இதற்கு மிகப் பழைய உதாரணம் உண்டு. திருஞானஸம்பந்தருடன் தலம் தலமாகச் சென்று யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். காரைக்கால் அருகே உள்ள தருமபுரத்தில் அவருடைய உறவினர்கள், அவர் யாழ் வாசிப்பதால்தான் பதிகங்களுக்கு இவ்வளவு பெருமை என்று பேசினார்கள். கூசிப்போன பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருளும்படி ஸம்பந்தரிடம் தாமே வேண்டினார். ஸம்பந்தர் பாடினார். பாணரால் வாசிக்க முடியவில்லை. எல்லோர் முன்னிலையிலும் யாழை உடைக்க ஓங்கினார். ஸம்பந்தர் அவர் கையிலிருந்து யாழை வாங்கி, இறைவன் பெருமை முழுவதும் ஒரு கருவியில் அடங்குமா, வந்த அளவுக்கு வாசியும் என்று ஸமாதானம் சொல்லித் திருப்பிக் கொடுத்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார். அந்தப் பதிகத்துக்கு ‘யாழ்முரி’ என்றே பெயர் வந்தது. இன்று அடாணாவில் பாடுகிறார்கள். பாணர் அதன் பிறகும் யாழை விடவில்லை. நல்லூர்ப் பெருமணத்தில் ஸம்பந்தருடன் ஜோதியில் கலக்கும் வரை கூடவே இருந்தார்.

நம் கச்சேரி ஸம்பிரதாயமும் இதே வழியில் வந்ததுதான். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க வித்வானின் கோர்வை எடுப்புக்கு வராமல் தள்ளிப் போனால், பாடகர் தாளத்தை அழுத்தமாகப் போட்டு இடத்தைக் காட்டிக் கொடுப்பார். பல்லவியை எடுத்து முடித்தும் வைப்பார். பிடிலில் தந்தி அறுந்தால் வித்வான் மற்றத் தந்திகளில் சமாளிப்பார். மாற்றுத் தந்தி போடும்வரை பாடகர் ஆலாபனையைச் சற்று நீட்டுவார். பக்கவாத்யம் என்ற சொல்லே பக்கத்தில் இருப்பது என்றுதானே பொருள்படும்? பக்கத்தில் இருப்பவர் எதற்காக இருக்கிறார் என்பது இடறும்போதுதான் தெரியும்.

கல்கத்தா கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. பல ஆண்டுகள் நேரடியாகவே ஒலிபரப்பான நிகழ்ச்சி, 1960-களில் ஒலிப்பதிவாக மாறியது. 1976-ல் வானொலி நிலையம் அதை ஒதுக்கிவிட்டு, நடிகர் உத்தம் குமார் குரலில், ஹேமந்த முகர்ஜி இசையில் புதிதாக ஒன்றைத் தயாரித்து மஹாளயத்தன்று ஒலிபரப்பியது. பிரபலமான பெயர்கள், ஏற்பாட்டில் குறையில்லை. ஆனால் ஜனங்கள் ஏற்கவில்லை. எதிர்ப்பு பலமாக எழவே, பழைய நிகழ்ச்சியே திரும்ப வந்தது. இந்தத் தடவை தவறு செய்தது நிலையம். அதைக் கேட்டுத் திருத்தியவர்கள் ரஸிகர்கள். 1991-ல் பத்ரா காலமானார்; அவர் குரல் மஹாளயம் தவறாமல் இன்றும் ஒலிக்கிறது.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நவராத்திரி கொலுவிலும், த்யாகராஜ ஆராதனையிலும், சபா போட்டிகளிலும் நம் குழந்தைகள் வீணையும் வயலினும் கீபோர்டும் வாசிக்கிறார்கள். ஓரிடத்தில் ஸ்வரம் தப்பினால் சட்டென்று நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்க்கிறார்கள். அந்த ஒரு நாளோடு வாத்யத்தை மூடி வைத்த குழந்தைகள் எத்தனையோ. நிறுத்தாமல் மேலே வாசி, அடுத்த ஆவர்த்தனத்தில் சேர்ந்துகொள் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது குருவின் கடமை. அபஸ்வரம் கேட்டதும் முகம் சுளிக்காமல், தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருப்பது கேட்பவர்களான நம் கடமை. வரும் நவராத்திரியிலேயே இதை ஆரம்பிக்கலாம்.