ஹேஸ்டிங்ஸ் கிறிஸ்துமஸ் சதுரங்க விழா

ஹேஸ்டிங்ஸ் கிறிஸ்துமஸ் சதுரங்க விழா என்பது இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரான ஹேஸ்டிங்ஸில், ஆண்டிறுதி விடுமுறையில் நடைபெறும் சதுரங்கப் போட்டியாகும். இது 1920-21 முதல் ஆண்டுதோறும் நடத்தப்பட்டது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் இதில் பங்கேற்றனர். இந்திய மரபு விதிகளில் சதுரங்கம் கற்ற ஒருவர், முன்னாள் உலகச் சாம்பியனைத் தோற்கடித்ததும் இவ்விழாவில்தான்.

தோற்றம்

ஹேஸ்டிங்ஸ் சதுரங்கக் கழகம் 1882இல் தொடங்கப்பட்டது. 1895இல் இந்நகரில் நடந்த பெரும் போட்டியில் அமெரிக்காவின் ஹாரி பில்ஸ்பரி என்ற 22 வயது இளைஞர் முதலிடம் பெற்றார். அந்தப் புகழின் தொடர்ச்சியாகவே முதல் உலகப் போருக்குப் பின் ஆண்டு விழா உருவானது.

கோடையில் கூட்டம் நிரம்பும் கடற்கரை ஊர்களில் குளிர்காலத்தில் விடுதிகள் காலியாகக் கிடக்கும். வேலைக்குச் செல்வோருக்கும் அப்போதுதான் சேர்ந்தாற்போல் சில நாட்கள் விடுமுறை கிடைக்கும். அறுவடை முடிந்து கை ஓய்ந்த நாட்களில் காவிரிப் படுகை ஊர்கள் திருவிழா எடுப்பது போல, அங்கு விடுமுறையை ஒட்டிச் சதுரங்க விழா அமைந்தது.

அமைப்பு

முதன்மைப் பிரிவில் பெரும்பாலும் 10 பேர் ஆடினர். ஒவ்வொருவரும் மற்ற அனைவருடனும் ஒருமுறை மோதியதால் 9 சுற்றுகள் நடந்தன. அதற்குக் கீழே திறமைக்கு ஏற்பப் பல பிரிவுகள் இருந்தன. ஆகவே உலகப் புகழ் பெற்றவர்களும் சாதாரணக் கழக ஆட்டக்காரர்களும் ஒரே விழாவில் கூடினர்.

அலெகின், கபபிளாங்கா, ரூபின்ஸ்டீன், புளோர் ஆகியோர் முதன்மைப் பிரிவில் வென்றவர்களுள் சிலர். முதல் பெண் உலகச் சாம்பியனான வேரா மென்சிக்கும் ஆண்களுடன் அதே பிரிவில் ஆடினார். நெதர்லாந்தின் மாக்ஸ் யூவ் பள்ளிக் கணித ஆசிரியர். பள்ளி விடுமுறைகளிலேயே அவர் பல போட்டிகளில் ஆட முடிந்தது. 1923-24, 1930-31 ஆகிய விழாக்களில் முதலிடம் பெற்ற அவர், 1935இல் உலகச் சாம்பியனானார்.

சுல்தான் கான்

இந்தியாவில் சதுரங்கம் பழமையானது. திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் இறைவனின் பெயரே சதுரங்க வல்லபநாதர். சிவபெருமான் அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது அத்தலத்தின் வரலாறு. ஆனால் நாட்டின் பல பகுதிகளில் வழங்கிய ஆட்ட விதிகள் ஐரோப்பிய விதிகளிலிருந்து வேறுபட்டவை. சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டாது. ராஜாவைக் கோட்டைக்குள் வைக்கும் முறைக்குப் பதிலாக, ராஜா ஒருமுறை குதிரை போலப் பாயலாம்.

பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இத்தகைய விதிகளிலேயே ஆட்டம் பயின்றவர். 1929இல் நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கானுடன் இங்கிலாந்து சென்றார். அதே ஆண்டு ராம்ஸ்கேட் என்ற மற்றொரு கடற்கரை நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் விழாவில் கபபிளாங்காவை 65 நகர்வுகளில் வீழ்த்தினார். அவ்விழாவில் யூவ் முதலிடமும், கபபிளாங்கா இரண்டாமிடமும், சுல்தான் கான் மூன்றாமிடமும் பெற்றனர்.

1933 கோடையில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டியும் ஹேஸ்டிங்ஸில் நடந்தது. சுல்தான் கான் மூன்றாம் முறையாகப் பட்டம் வென்றார். உமர் ஹயாத் கான் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்ற பெண்மணி மகளிர் பட்டத்தை வென்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் சுல்தான் கான் தம் புரவலருடன் நாடு திரும்பினார். பின்னர் அவர் சர்வதேசப் போட்டிகளில் ஆடவில்லை. திறமை அவரிடம் இருந்தது. ஆனால் பயணமும் செலவும் பிறர் கையில் இருந்தன. 1966இல் காலமான அவருக்கு 2024இல்தான் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது.

பிற்காலம்

இரண்டாம் உலகப் போரால் தடைபட்ட விழா 1945-46இல் மீண்டும் தொடங்கியது. 2019-20 விழாவில் மதுரையில் பிறந்த மகேஷ் சந்திரன் பஞ்சநாதன் முதலிடம் பெற்றார். 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. பொதுப் பிரிவில் இந்தியாவின் இரண்டாம் அணியும், மகளிர் பிரிவில் முதல் அணியும் வெண்கலம் வென்றன. ஒரு புரவலரின் பயணத்தை நம்பிக் கடல் கடந்து சென்றுதான் சுல்தான் கான் உலக வீரர்களைச் சந்திக்க முடிந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் உலக வீரர்கள் தமிழகத்துக் கடற்கரைக்கே வந்தனர்.