டிராக்கு, மிடி... அப்புறம் நம்ம நாதஸ்வரம்

உத்திரமேரூர்க்காரங்களுக்கு ஒரு வியாதி உண்டு மக்களே. எதைப் பார்த்தாலும் இது எந்தக் காலத்து சமாச்சாரம்னு தோண்டத் தோணும். (919, 921ஆம் வருஷத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் பக்கத்துலயே வளர்ந்தா வேற எப்படி இருக்கும்!) இப்ப நம்ம பக்கத்துப் பசங்க லேப்டாப்புல இசை மென்பொருளைப் போட்டுக்கிட்டு பாட்டு பண்றாங்க. திறந்த உடனே டிராக், மிடி, குவான்டைஸ்னு வார்த்தையாக் கொட்டுது. ஒவ்வொண்ணையும் தோண்டினா அடியில ஒரு பழைய கதை இருக்கு.

டிராக்ங்கிறது டேப் காலத்து வார்த்தை. காந்த நாடாவுல நீளவாக்குல ஓடற ஒரு பட்டை. 1967ல பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தைப் பதிவு பண்ணினது நாலு டிராக் மெஷின்ல. நாலும் நிரம்பிட்டா கலந்து வேற டேப்புக்கு மாத்தி இடம் பண்ணணும். இன்னிக்கு நூறு டிராக் போடலாம், நாடா கிடையாது, பேரு மட்டும் போகலை.

மிடிதான் நிறைய பேரைக் குழப்பறது. 1983 ஜனவரியில அமெரிக்க வாத்தியக் கண்காட்சி ஒன்றில் ப்ராஃபெட்-600ஐயும் ரோலண்ட் ஜூபிடர்-6ஐயும் ஒரு வயரால இணைச்சாங்க. ஒண்ணை வாசிச்சா இன்னொண்ணும் பேசுச்சு! அந்த வயருக்குள்ள ஓடினது சத்தம் இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமா அழுத்தினே, எப்ப விட்டே... அவ்வளவுதான். அழுத்தின வேகத்துக்குப் பேரு வெலாசிட்டி, அளவு 0 முதல் 127. இளையராஜா எழுதற நோட்ஸ் மாதிரின்னு வெச்சுக்குங்க. காகிதத்துல சத்தம் கிடையாது, வயலின்காரர் எடுத்து வாசிச்சாத்தான் உண்டு. மென்பொருள்ல அந்த வயலின்காரர் வேலையைப் பார்க்கறதுதான் ப்ளக்-இன் வாத்தியம்.

இந்தக் குறிப்புகளை ஞாபகம் வெச்சுத் திரும்ப வாசிக்கறது சீக்வென்சர். 1986ல 'புன்னகை மன்னன்' படத்துக்கு ராஜா அதைப் பயன்படுத்தினார். 1989ல ரஹ்மான் வீட்டோடயே ஸ்டுடியோ கட்டினார், 1992ல 'ரோஜா' வந்தது. அதுக்கு முன்னாடி பெரிய ஹால்ல எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கணும். பிறகு ஒவ்வொருத்தரா, வேற வேற நாள்ல வந்து வாசிச்சாப் போதும்னு ஆச்சு. பல பேர் வரவே வேண்டியதில்லைன்னும் ஆச்சு. இதை யாரும் பெரிசாப் பேசறதில்லை.

குவான்டைஸ்? தட்டின ஒவ்வொரு அடியையும் பக்கத்துல இருக்கற கோட்டுக்கு இழுத்து ஒட்டற வேலை. பம்பைக்காரர் ஒரு நூல் பிந்தி அடிக்கறாரே, சுகமே அதுலதான். முழுசா குவான்டைஸ் பண்ணினா கோயில்ல தீபாராதனைக்கு மோட்டார் வெச்சு அடிக்குமே ஒரு மேளம், அந்த மாதிரி ஆயிடும்.

நாதஸ்வரம் இன்னும் கஷ்டம். சுரத்தை வளைக்க கீபோர்டுல பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கு. வழக்கமா மேல ரெண்டு, கீழ ரெண்டு அரைச்சுரம் தான் போகும். எல்லையைக் கூட்டிக்கலாம்தான், ஆனா ஒரு தோடி கமகத்தை மவுஸால வரைஞ்சு பாருங்க, பொழுது விடிஞ்சிடும். அதைவிட, ஊர் வித்வான் கிட்ட சன்மானம் பேசிட்டு ஒரு மைக்கை வெச்சு ஆடியோ டிராக்குல பதிஞ்சுடுங்க. அது குறிப்பு இல்லை, சிடி தரத்துல செகண்டுக்கு 44,100 தடவை அளந்து வெச்ச நிஜ சத்தம். குவான்டைஸ் பட்டன் பக்கம் மட்டும் கையைக் கொண்டு போகாதீங்க.