நால்வர் அடி, ஒரே ஸ்கோர்: ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளும் ஸ்க்ராம்பிள் கோல்ஃபும்

கோல்ஃப் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, டிவியில் சேனல் மாற்றும்போது இரண்டு நொடி தெரிந்து மறையும் பச்சைப் புல்வெளிதான். வெள்ளைக்காரன் விளையாட்டு, பணக்காரன் விளையாட்டு என்று சொல்லிவிட்டு அடுத்த சேனலுக்குப் போய்விடுவோம். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் சாலையில் போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாக ஆலைகள்தான் தெரியும். ஆனால் அந்த ஆலைகளுக்கும் சென்னையின் பழைய கோல்ஃப் மைதானங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைப் புரிந்துகொள்ள "ஸ்க்ராம்பிள்" என்ற குழு ஆட்டத்திலிருந்து தொடங்குவது எளிது.

ஸ்க்ராம்பிள் என்றால் என்ன?

சாதாரண கோல்ஃபில் ஒவ்வொருவரும் தன் பந்தைத்தான் ஆட வேண்டும். பந்து புதரில் விழுந்தாலும் மணலில் விழுந்தாலும், கிடக்கிற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். 1744-ல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் 13 விதிகள் எழுதப்பட்ட காலத்திலிருந்து இந்த விளையாட்டின் அடிப்படை இதுதான். அவரவர் வினை அவரவருக்கு!

ஸ்க்ராம்பிளில் இது தலைகீழ். ஓர் அணியில் பெரும்பாலும் நான்கு பேர். நால்வரும் முதல் அடியை அடிப்பார்கள். ஒன்று மரத்தில், ஒன்று தண்ணீரில், ஒன்று பக்கத்திலேயே விழுந்துவிட்டது, ஒன்று மட்டும் நேராக 220 கெஜம் போனது என்று வைத்துக்கொள்வோம். அந்த நல்ல பந்து கிடக்கும் இடத்திலிருந்து நால்வரும் இரண்டாவது அடியை அடிப்பார்கள். பிறகு மறுபடியும் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பார்கள். பந்து குழியில் விழும்வரை இப்படியே. கடைசியில் அணிக்கு ஒரே ஸ்கோர்.

அப்படியானால் நன்றாக ஆடும் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்காகத்தான் பல போட்டிகளில், ஒவ்வொருவருடைய முதல் அடியையும் குறைந்தது இரண்டு மூன்று குழிகளிலாவது பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். ஆக, அணியில் பலவீனமானவரின் ஒரு நல்ல அடிக்காக மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும்.

ஹேண்டிகேப் சலுகையும் உண்டு. 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையின் பரிந்துரைப்படி, நால்வரில் மிகத் திறமையானவரின் ஹேண்டிகேப்பில் 25 சதவீதம், அடுத்தவருக்கு 20, அடுத்து 15, கடைசி ஆளுக்கு 10 என்று கூட்டுவார்கள். 8, 16, 24, 36 என்ற ஹேண்டிகேப் உள்ள நால்வருக்கு 2 + 3.2 + 3.6 + 3.6 = 12.4, அதாவது 12 அடி தள்ளுபடி. அணி 62 அடித்தால் நிகர ஸ்கோர் 50.

எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குழிகளில் ஆட்டத்தைத் தொடங்கும் முறைக்கு "ஷாட்கன் ஸ்டார்ட்" என்று பெயர். 1956-ல் அமெரிக்காவின் வாலா வாலா நகரில் ஜிம் ரஸ்ஸல் என்ற பயிற்சியாளர் துப்பாக்கியால் சுட்டு ஆட்டத்தைத் தொடங்கிவைத்ததால் வந்த பெயர் அது. எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்து, ஒன்றாகச் சாப்பிட உட்காரலாம். கம்பெனிகளுக்கு இது மிகவும் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

கிண்டியும் நந்தனமும்

இந்தியாவுக்கு கோல்ஃப் வந்தது வெள்ளையர்களோடு. 1829-ல் தொடங்கிய கல்கத்தா கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள மிகப் பழைய கோல்ஃப் கிளப். பெங்களூரில் 1876. சென்னையில் 1884-ல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப், கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் உள்வட்டத்தில் கோல்ஃப் ஆடியது. சுற்றிலும் குதிரை, நடுவில் பந்து!

ஆரம்ப காலத்தில் ஜிம்கானா ஐரோப்பிய அதிகாரிகளின் உலகம். இந்தியப் பிரமுகர்கள் கூடிய இடம் 1873-ல் தொடங்கிய காஸ்மாபாலிடன் கிளப். அந்த கிளப் பிறகு நந்தனத்தில் தனக்கென்று ஒரு கோல்ஃப் மைதானம் அமைத்துக்கொண்டது. ஒரே ஊரில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மைதானங்கள் வந்ததற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

சான்ட்ரோ வந்த ஆண்டு

ஸ்ரீபெரும்புதூர் அதுவரை ராமானுஜர் பிறந்த ஊர். 1991 மே 21-க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். அதன் மூன்றாவது அடையாளத்தை ஆலைகள் கொடுத்தன. 1996-ல் ஹூண்டாயின் இந்திய நிறுவனம் உருவானது. 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ சந்தைக்கு வந்தது.

அதே 1998 ஜூலையில் கொரியாவில் வேறொன்று நடந்தது. ஆசிய நிதி நெருக்கடியில் நாடே துவண்டிருந்தபோது, 20 வயது பாக் சே-ரி அமெரிக்க மகளிர் ஓப்பனை வென்றார். விடிய விடிய டிவி பார்த்த கொரியர்களுக்கு அவர் தேசிய நாயகி ஆனார். கோல்ஃப் அங்கே பெரிய மோகமாக வளர்ந்தது. ஜப்பானிலோ, வாடிக்கையாளரை கோல்ஃபுக்கு அழைத்துப் போவது அதற்கு முன்பே வியாபாரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை. உதிரிபாக நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. அவற்றோடு வந்த கொரிய, ஜப்பானிய அதிகாரிகள் விடுமுறை நாட்களில் மட்டைப் பையோடு கிண்டிக்கும் நந்தனத்துக்கும் போனார்கள். ஒரு காலத்தில் நிறத்தைப் பார்த்துத் திறந்த கதவு, இப்போது தொழிலைப் பார்த்துத் திறந்தது.

இங்கேதான் ஸ்க்ராம்பிளின் அருமை புரியும். முப்பது வருடம் ஆடிய மேலாளரும், போன மாதம் மட்டை வாங்கிய உதிரிபாக சப்ளையரும் தனித்தனியாக ஆடினால் இரண்டு பேருக்கும் சங்கடம். ஸ்க்ராம்பிளில் ஒரே அணியில் நிற்கலாம். தவறான அடியை யாரும் எண்ணுவதில்லை.

ஐந்தாவது ஆள்

ஆனால் அந்த நால்வரோடு பையைத் தூக்கிக்கொண்டு இன்னொருவரும் நடக்கிறார். ஆங்கிலத்தில் கேடி என்பார்கள். (நம் ஊர் கேடி வேறு!) காற்று எந்தப் பக்கம், புல்தரை எங்கே சரிகிறது, எந்த மட்டை சரி என்று சொல்பவர் அவர்தான். மைதானத்தை நால்வரையும் விட நன்றாக அறிந்தவர். ஆனால் ஸ்கோர் கார்டில் அவர் பெயர் இருக்காது.

அவர் கையில் மட்டை கிடைத்தால் என்ன ஆகும்? வரலாறு பதில் சொல்லியிருக்கிறது. இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர் (1991), டெல்லி மைதானத்தில் கேடியாக வளர்ந்தவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா, பெங்களூரில் கேடியாக இருந்தவர். டை-பிரேக்கரில் அவர் தோற்கடித்தது லீ சங் என்ற கொரிய வீரரை! 2016, 2017 என்று அடுத்தடுத்து வென்ற சவுராசியா, கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்த ஊழியரின் மகன்.

நிலம் யாருக்கு?

கிண்டி நிலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1945-ல் 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 99 வருடக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய். 2024 செப்டம்பரில் தமிழக அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்தது. வழக்குகள் ஒரு பக்கம் நடக்க, மழைநீரைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. வேளச்சேரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் குளத்தின் அவசியம் தெரியும். புல்வெளியில் வேலை பார்த்தவர்களுக்குப் பிழைப்பின் கவலை தெரியும். இரண்டுமே உண்மை.

விளையாட்டை எளிதாக்குவது சுலபம். நாலு பேரின் அடியில் நல்லதை எடுத்துக்கொண்டால் போதும். அந்த நாலு பேரில் யார் இருக்கலாம் என்பதுதான் கடினமான கேள்வி. திருக்கோட்டியூரில் தனக்கு ரகசியமாகச் சொல்லப்பட்டதைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னார் ராமானுஜர் என்பது மரபு. அவர் பிறந்த ஊரின் ஆலைகளிலிருந்து கிளம்பும் அணிகளில், பை தூக்குபவருக்கும் ஒரு நாள் இடம் கிடைத்தால், அந்த அணியை ஜெயிப்பது சுலபமாக இருக்காது!