பழனிமலைச் சோலைப் புல்வெளிகளும் தன்னார்வலர்களும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளைத்து நீளும் பழனிமலையின் உச்சிப் பகுதியில் சோலைக்காடும் புல்வெளியும் கலந்து கிடக்கின்றன. அவற்றில் எஞ்சியவற்றைக் காக்க, அரசுப் பணியில் இல்லாத ஆசிரியர், துறவியர், தோட்டக்காரர், ஊர்க்காரர், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர் எனப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். கொடைக்கானல், செம்பகனூர், வட்டக்கானல் ஆகிய ஊர்கள் இம்முயற்சியின் மையங்கள். பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் (1985), வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை (2001) ஆகிய அமைப்புகள் பரவலாக அறியப்பட்டவை. ஆனால் இம்மலையின் செடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறியும் வேலை, அவற்றுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது.

நிலமும் நீரும்

மலையின் உயரமான பகுதிகளில் நீர் தேங்கும் மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலை வளர்கிறது. மேடுகளும் சரிவுகளும் புல்லுக்குரியவை. சோலை மரங்கள் குட்டையானவை. கிளை நெருங்கி, அடிமரம் பாசி மூடி நிற்பவை. காட்டுச் செண்பகம், பல வகை நாவல், மரப் பெரணி முதலியன அங்கே உண்டு. புல்வெளியில் குறிஞ்சிப் புதர், தரையில் பூக்கும் ஆர்க்கிட் வகைகள், ஈரமான இடங்களில் பூச்சியைப் பிடித்துண்ணும் சிறு செடிகள், சோலை ஓரத்தில் சிவப்புப் பூப்பூக்கும் காட்டுப் பூவரசு ஆகியவற்றைக் காணலாம். வரையாடும் நெட்டைக்காலிக் குருவியும் புல்வெளியை நம்பி வாழ்பவை. வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் செல்லும் ஓடைகள் பல இங்கே பிறக்கின்றன.

புல்வெளி இயற்கையானதா, மனிதர் தீயிட்டுக் காட்டை அழித்ததால் உண்டானதா என்ற கேள்வி நெடுநாளாக உள்ளது. முன்னைய வன அலுவலர் பலர் இரண்டாவது கருத்தையே கொண்டிருந்தனர். நீலகிரியின் கரிச்சேற்றுப் படிவுகளை ஆராய்ந்து ஆர். சுகுமார் முதலியோர் 1993-இல் வெளியிட்ட முடிவு, புல்லும் காடும் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாகப் பருவநிலைக்கேற்ப மாறி மாறிப் பரவியதைக் காட்டியது. பழனிமலைக்கும் இது பொருந்தும் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆயினும் தீயின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. புல்வெளியை வெற்று நிலமாகக் கண்ட பழைய பார்வையே பின்னாளில் அதன் அழிவுக்கு வழிவகுத்தது என்பதால், இந்த விவாதம் வெறும் ஏட்டு விவாதம் அன்று.

பதிவுகளுக்கு முன்னும் பின்னும்

தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டைகள் மக்கள் இங்கு மிகப் பழங்காலத்திலேயே வாழ்ந்ததைக் காட்டுகின்றன. தேனும் கிழங்கும் எடுத்து இக்காடுகளில் வாழ்ந்த பளியர் அவற்றை எவ்வாறு பேணினர் என்பதற்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு.

1821-இல் பி. எஸ். வார்டு மலையை அளந்தார். 1836-இல் தாவரவியலர் ராபர்ட் வைட் வந்து சென்றார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர். இன்றைய ஏரி 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் லெவிஞ்ச் எடுத்த முயற்சியால் உருவானது. ஆஸ்திரேலிய மரங்களும் அவர் காலத்தில்தான் இங்கு வந்தன என்று சொல்லப்படுகிறது. எந்த மரத்தை யார் முதலில் நட்டார் என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. மிஷனரி சாமுவேல் ஃபேர்பேங்க் பறவைகளைச் சேகரித்தார். பழனிமலைச் சிரிப்பான் ஒன்றின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

செடி சேர்த்தவர்கள்

1895-இல் செம்பகனூரில் ஏசு சபையினர் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் ஆர்க்கிட் தோட்டமும் இம்மலையைப் பற்றிய அறிவுக்குப் பல தலைமுறைகளாகக் களஞ்சியமாக இருந்தன. அங்கு வாழ்ந்த லூயி ஆங்லாட் செடிகளைத் தேடித் தொகுத்தார். ஜார்ஜ் ஃபோரோ, பிறர் மிதித்துச் செல்லும் பாசி வகைகளைத் தேடினார். அவர் எழுதிய பழனிமலைப் பாசிகளின் பட்டியல் 1961-இல் வெளிவந்தது.

அதே காலத்தின் தொடக்கத்தில், சென்னை மாநிலக் கல்லூரி உயிரியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் போர்னும் அவர் மனைவி எமிலியும் கொடைக்கானலைச் சுற்றிச் செடிகளைத் திரட்டினர். எமிலி போர்ன் தாம் கண்ட செடிகளை வரைந்தும் வைத்தார். அதே கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன் 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நீலகிரி, பழனி மலையுச்சித் தாவர நூலில் அப்படங்கள் பல இடம்பெற்றன. அந்நூலை இன்று புரட்டுபவரால், எந்தச் செடி எந்த ஓடையருகே நின்றது என்பதைக்கூட அறிய முடிகிறது. அந்த ஓடைகளில் சில இப்போது இல்லை.

இந்த மரபை நிறைவாக்கியவர் கே. எம். மேத்யூ (1930–2004). திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தை வளர்த்த இந்த ஏசு சபைத் துறவி, 1969-இல் கொடைக்கானலின் அயல்நாட்டுத் தாவரங்களைத் தனியே பட்டியலிட்டார். வெளியிலிருந்து வந்த செடிகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது பலருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவருடைய பழனிமலைத் தாவர நூல் மூன்று பகுதிகளாக 1999-இல் வந்தது. செம்பகனூரில் அவர் தொடங்கிய இயற்கை வரலாற்று நிறுவனத்துக்கு ஆங்லாட்டின் பெயரையே இட்டார். நாற்றங்கால் வைத்துச் சோலை மரம் வளர்க்க முனைந்தவர்கள் எல்லாரும் இவருக்குக் கடன்பட்டவர்கள்.

மரத்தோட்டங்கள்

விடுதலைக்குப் பின்னர், குறிப்பாக 1950களிலிருந்து 1980கள் வரை, புல்வெளிகளில் வாட்டில் (நீலகிரியில் சீகை மரம் என்பது இதுவே), யூக்கலிப்டஸ், பைன் மரங்கள் பெரும் பரப்பில் நடப்பட்டன. வாட்டில் பட்டை தோல் பதனிடவும், யூக்கலிப்டஸ் கூழ்மரமாகவும் தேவைப்பட்டன. 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் இதற்குக் காரணம். சோலைக்காடு இழந்தது இதைவிடக் குறைவு.

1985 முதல் 2003 வரை

இந்தக் காலத்தைப் பற்றியே செய்திகள் மிகுதி. வழக்குகளும் நாளிதழ்ச் செய்திகளும் ஆய்வுகளும் ஒன்றையொன்று நிரப்புகின்றன.

பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் 1985-இல் அமைந்தது. கொடைக்கானல் வாசிகள் பலர் இதில் சேர்ந்தனர். மரக்கன்றுகளை வளர்த்து உழவர்களுக்குக் கொடுப்பதும், நகரின் கட்டடப் பெருக்கத்தைக் கண்காணிப்பதும் அதன் பணிகளாயின. இரண்டு தளங்களுக்கு அனுமதி பெற்று அதற்கு மேல் எழுப்பப்பட்ட பிளசன்ட் ஸ்டே விடுதியை எதிர்த்துக் கழகம் தொடுத்த வழக்கு நாடறிந்தது. விதியிலிருந்து விலக்களித்த அரசாணையை 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இது தொடர்பான குற்ற வழக்கில் முன்னாள் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவுக்கு 2000 பிப்ரவரி 2 அன்று தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2001-இல் அவர் விடுவிக்கப்பட்டார். அரசியல் வரலாற்றில் இவ்வழக்கு பெற்ற இடம் பெரிது. சிறிய ஊரின் குடிமக்கள் சிலர் மலைச்சரிவின் தாங்குதிறனைப் பற்றிக் கேட்ட கேள்வியில் அது தொடங்கியது என்பது பலருக்கும் தெரியாது.

ஏறத்தாழ கழகம் அமைந்த காலத்தில் ராபர்ட் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற பிரிட்டிஷ் இணையர் வட்டக்கானலில் தங்கினர். முறையான தாவரவியல் பயிற்சி இன்றி, மேத்யூவின் வழிகாட்டலில் சோலை மரங்களை அடையாளம் காணக் கற்றனர். 2001-இல் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை உருவானது. சோலை மரங்களுக்கு நாற்றங்கால் வைப்பது எளிதன்று. பல மரங்களின் விதை உலர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். பழுத்த சில நாட்களுக்குள் சேகரித்து விதைத்துவிட வேண்டும். எந்த மரம் எந்த மாதம் காய்க்கும் என்பதை ஆண்டுக்கணக்கில் நடந்து பார்த்துத்தான் அறிய முடியும். முளைத்த கன்றும் மெதுவாகவே வளரும், நிழல் வேண்டும், பையில் பல காலம் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் இருக்கும்போது ஓடையோரங்களில் நட்டாலும் எல்லாம் பிழைப்பதில்லை. இத்தகைய வேலையைக் கூலி கணக்கிட்டு யாராலும் செய்துவிட முடியாது.

இம்முயற்சியின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு, உருத்திராட்ச இனத்தைச் சேர்ந்த எலியோகார்பஸ் பிளாஸ்கோய் என்ற மரம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பிரான்சுவா பிளாஸ்கோவின் பெயரைத் தாங்கிய இம்மரம் அழிந்துபோயிற்று என்றே எண்ணப்பட்டது. ஸ்டூவர்ட்டும் பால்கரும் அதைச் சோலையில் மீண்டும் கண்டறிந்தனர். அதன் கன்றுகளும் பின்னர் வளர்க்கப்பட்டன.

2001 மார்ச் மாதத்தில் கொடைக்கானல் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது. அமெரிக்காவிலிருந்து 1980களின் தொடக்கத்தில் இடம்பெயர்க்கப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பாம்பார் சோலைக்கு மேலான முகட்டில் இயங்கிவந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடந்ததை ஊர்மக்களும் பழனி மலைப் பாதுகாப்புக் கழகத்தாரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தனர். அப்போது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேர் சார்பில் நடந்த வழக்கு 2016-இல் உடன்பாட்டில் முடிந்தது. மண்ணில் எவ்வளவு பாதரசம் வரை விடலாம் என்ற அளவுகோல் குறித்து நிறுவனத்துக்கும் செயற்பாட்டாளர்களுக்கும் இடையே இசைவு ஏற்படவில்லை. மண்ணைத் தோண்டும்போது சரிவில் நிற்கும் மரங்கள் என்னாகும் என்ற கவலையும் உடன் இருந்தது. காற்றில் பரவிய பாதரசத்தை அளக்க, ஐதராபாத்திலிருந்து வந்த பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலர் மரப்பாசிகளையே மாதிரியாக எடுத்தனர்.

எல்லைக்கு அப்பால், மேற்கே, கேரளத்தின் குறிஞ்சிப் பாதுகாப்பு இயக்கம் கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை நடைப்பயணங்கள் நடத்தியது. வங்கி ஊழியரான ஜி. ராஜ்குமார் அதை முன்னின்று நடத்தினார். குறிஞ்சி பூத்த 2006-ஆம் ஆண்டில் கேரள அரசு குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தது.

வாட்டிலை வெட்டுவதா?

அயல்மரங்களை முற்றாக அகற்றிப் புல்லை மீட்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. வாட்டிலை வெட்டிய இடத்தில் மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் ஒரே மழையில் முளைத்து, முன்பைவிட அடர்ந்து எழுவதைக் களத்தில் பார்த்தவர்கள் தயங்கினர். வட்டக்கானல் குழுவினர் மற்றொன்றையும் கவனித்தனர். பழைய தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்துவந்தன. அங்கே அயல்மரம் செவிலியாக நிற்கிறது. ஆகவே வயதான தோட்டங்களை விட்டுவிட்டு, இன்னும் மரம் ஏறாத புல்வெளிகளை முதலில் காக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. புல்வெளி இழப்பை அளந்த, மேலே சொன்ன 2018 ஆய்வின் ஆசிரியர் பட்டியலில் ராபர்ட் ஸ்டூவர்ட்டின் பெயரும், கொடைக்கானலில் வளர்ந்த ஒளிப்படக்கலைஞர் இயன் லாக்வுட்டின் பெயரும் உள்ளன. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் புல்வெளியில் இனி எந்த மரத்தையும் நடக்கூடாது, அது சோலை மரமாகவே இருந்தாலும், என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன.

அண்மைக்காலம்

2013-இல் 608.95 சதுர கிலோமீட்டர் பரப்பில் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2018-இல் குறிஞ்சி மீண்டும் பூத்தது. அவ்வாண்டு நவம்பரில் கஜா புயல் மலையையும் தாக்கியது. 2022-இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. சரணாலயத்தின் காப்புக்காட்டுப் பகுதிகளுக்குள் தன்னார்வலர் நுழையவும் வனத்துறையின் அனுமதி தேவை.