மாயரின் சதுப்புநில வேளாண்மையும் ஆட்சித் தோற்றமும்

பெரிய நீர்ப்பணிகள் மையத் தலைமையின்றி நடவா. ஆதலின் அப்பணிகளே வல்லாட்சிக்கு வித்தாயின என்பது கார்ல் விட்ஃபோகல் 1957-இல் வெளியிட்ட நூலின் கோட்பாடு. இக்கோட்பாடு பண்டை மாயர் நாட்டிற்கு எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மாயர் என்போர் மெக்சிகோவின் தென்கிழக்குப் பகுதி, குவாத்தமாலா, பெலீஸ் ஆகிய இடங்களிலும் அவற்றை அடுத்த நிலங்களிலும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் மக்கள். கற்கோயில்களாலும் எழுத்தாலும் காலக் கணக்காலும் அவர்தம் முன்னோர் பெரும்புகழ் பெற்றனர். எனினும், அப்பெரு நகரங்கட்கு உணவளித்த நிலம் யாது என்னும் வினாவிற்குத் தக்க விடை நெடுங்காலம் கிடைத்திலது. காட்டை வெட்டிச் சுட்டு, சில ஆண்டுகள் மக்காச்சோளம் விளைத்து, மண் வளம் குன்றியதும் வேறிடம் பெயரும் ‘மில்பா’ முறையே அவர்தம் வேளாண்மை என அறிஞர் பலர் எழுதினர். அம்முறை ஒன்றே அடர்ந்த குடிகளைப் புரந்தது என்று கொள்வது அரிது.

இவ்விடர் தீர வழிகாட்டியவர் சீமென்ஸ், புலெஸ்டன் என்னும் இருவர். கம்பேச்சேப் பகுதியிற் பாயும் கண்டெலாரியா ஆற்றையடுத்த சதுப்பில், வானிலிருந்து நோக்குவார்க்கு வரிவரியாகப் புலப்படும் பழைய வயல்களைப் பற்றி 1972-இல் அவர்கள் எழுதினர். இவ்வயல்களின் இயல்பு எளிது. சதுப்பிடையே வாய்க்கால் வெட்டினால் நீர் அதன்கண் வடியும். இடைப்பட்ட திட்டு ஓரளவு உலர்ந்து பயிருக்கு இடந்தரும். கோடையிலும் நிலத்தடி நீர் வேருக்கு அணித்தாகவே நிற்கும். வாய்க்காலில் படியும் சேற்றை வாரித் திட்டின்மேல் இட்டால் அதுவே எருவாகும். வாய்க்காலிலோ மீனும் நத்தையும் ஆமையும் வாழும்.

புதுமை கண்டார்க்கு ஆர்வம் மிகுதல் இயல்பே. 1981-இல் இரேடார் படங்களைக் கொண்டு மாயர் நாடெங்கும் வாய்க்கால் வலைகள் பரந்திருந்தன என அறிவித்தனர் சிலர். பிற்றை ஆய்வாளர் அவற்றுட் பலவற்றை வாய்க்கால் அல்ல என மறுத்தனர். நிலத்தடி நீரிற் கரைந்துள்ள சுண்ணமும் கந்தகமும் கூடிய உப்பு உறைந்து படிதலாலும் வயலின் மண் உயர்தல் உண்டு. மேட்டைக் கண்டவுடன் மனிதன் இட்ட மண் எனத் துணிதல் பிழையாம்.

இத்தகைய எச்சரிக்கையோடு வட பெலீஸ் சதுப்புகளை ஆராய்ந்தோர் மேரி போஹ்ல் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் ஆவர். 1996-இல் அவர்கள் வெளியிட்ட முடிபுகள் நம் வினாவிற்கு இன்றியமையாதன. மக்காச்சோளமும் மரவள்ளியும் கி.மு. 3000-க்கு முன்னரே அங்கு வந்துவிட்டன என்பதை மகரந்தத் துகள்கள் காட்டின. கி.மு. 2500 அளவில் காடழிப்புத் தொடங்கிற்று. கி.மு. 1000 அளவில் நிலத்தடி நீர் உயர, உழவர் வடிகால் வெட்டினர். அதுவும் பெரும்பாலும் இயற்கைத் திட்டுகளைச் சிறிதே திருத்திய அளவிலேயே. மாயரிடையே ஏற்றத்தாழ்வுகளோடு கூடிய சமுதாய அமைப்பு உருவாகிய காலமும் கி.மு. 1000 முதல் 400 வரை எனப்படுகிறது.

இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையால் ஒன்று மற்றொன்றை ஈன்றது என்று முடித்தல் ஆகாது. ஒரே நாளிற் பிறந்த இருவருள் ஒருவர் மற்றவர்க்குத் தந்தை ஆவரோ? உழவரை உந்தியது வேந்தன் ஆணை அன்று. வயலை நனைத்த நீரே. இத்தகைய வடிகாலை ஒருசில குடும்பங்கள் கூடியும் வெட்டலாம்.

இக்கருத்திற்கு அண்மைக் காலத்துச் சான்றுகள் வலிவூட்டுகின்றன. பெலீசின் குரூக்கெட் திரீ சதுப்பில், வெள்ளம் வடியுங்கால் மீன்களைக் குளங்களிற் சேர்க்கும் வாய்க்கால்கள் ஏறத்தாழ கி.மு. 2000-இலேயே வெட்டப்பட்டன என 2024-இல் அறிவிக்கப்பட்டது. அப்பகுதியில் மட்கலமும் நிலைத்த ஊரும் தோன்றுதற்கு முற்பட்ட காலம் அது. தபாஸ்கோ மாநிலத்து அகுவாதா பெனிக்ஸ் என்னுமிடத்தில் 1.4 கிலோமீட்டர் நீளமுள்ள மேடை கி.மு. 1000-க்கும் 800-க்கும் இடையே எழுப்பப்பட்டது. 2020-இல் அதனை வெளியிட்ட ஆய்வாளர், பெருந்தலைவரைக் குறிக்கும் சிற்பங்கள் அங்குக் காணப்படாமையைச் சுட்டினர். மன்னர் இன்றியும் பலர் ஒருங்குகூடிப் பெரும்பணி இயற்றினர் என்பது இவற்றாற் பெறப்படும்.

பிற்காலத்து நிலை வேறு. வட பெலீசில் போஹ்ல் குழுவினர் ஆராய்ந்த வயல்கள், மாயர் பேரரண்மனைகள் ஓங்கிய காலத்திற்குள் பெரும்பாலும் நீரில் மூழ்கிக் கைவிடப்பட்டன. ஆயின், வடமேற்குப் பெலீசின் ரியோ பிராவோப் பகுதியில் லேசர் ஒளியால் வானிலிருந்து அளந்தபோது, முன்னர் அறிந்ததனினும் ஐந்து மடங்கு பரந்த வயற்றொகுதி ஒன்று வெளிப்பட்டது என 2019-இல் எழுதினர். அவ்வயல்கள் பெரும்பான்மையும் 1,400 முதல் 1,000 ஆண்டுகட்கு முற்பட்டவை. குடிப்பெருக்கமும் அரசர்தம் தேவையும் அவற்றை விரித்திருத்தல் கூடும். இவ்வளவில் விட்ஃபோகல் கூற்றின் ஒரு பாதியை ஏற்கலாம், அதுவும் தலைகீழாக. தென்பகுதி நகரங்கள் பலவற்றில் அரசகுலங்கள் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் மறைந்தன. அதன்பின்னரும், ஏறத்தாழ 900 ஆண்டுகட்கு முன்வரை, இச்சதுப்பு வயல்களிற் சிலவற்றில் மக்கள் பயிரிட்டதற்குத் தடயங்கள் உள்ளன.